அக்காவுக்கு அந்த மாத்திரையைக் கொடுக்கலாமா, மச்சான்

மச்சான்,

சில மாதங்களுக்கு முன் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தேன். முழங்கால் வலி என்றுதான் அவள் வந்திருந்தாள். முழங்கால் வலிக்கு நாடி எதற்கு என்று நீங்கள் இருந்தால் கேட்டிருப்பீர்கள். யார் எதற்காக வந்தாலும் முதலில் நாடி, கடிகாரத்தைப் பார்த்தபடி ஒரு முழு நிமிடம் என்பது என் பழக்கம். கிளினிக்கை மூடிவிட்டு வீட்டோடு இருக்கும் இந்தக் காலத்திலும் அது போகவில்லை. விரல்களுக்கு அடியில் இரண்டு துடிப்புகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பிறகு ஒன்றுமே இல்லை. பிறகு ஒன்று, ஏதோ யோசித்துவிட்டு வந்ததுபோல. அதன் பின்னால் மூன்று நான்கு, முண்டியடித்துக்கொண்டு. நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். எண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது. அது உங்கள் நாடி, மச்சான். நீங்கள் போய் இத்தனை வருடம் கழித்து, உங்கள் மனைவியின் கைக்குள் அது ஓடிக்கொண்டிருந்தது.

"என்ன தம்பி, மூஞ்சி ஒரு மாதிரி ஆயிருச்சு" என்றாள் அக்கா.

"ஒண்ணுமில்லக்கா."

நான் ஒன்றுமில்லை என்றால் என்னவோ இருக்கிறது என்று அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். கையை இழுத்துக்கொள்ளாமல் அப்படியே நீட்டி வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து நான் குழம்பிப்போய்க் கிடக்கிறேன். ஒன்றை முடிவு செய்து, மறுநாள் காலையில் அதைத் தவறு என்று நினைத்து, மத்தியானத்துக்குள் மறுபடி பழைய இடத்துக்கே வருகிறேன். இதை யாரிடம் கேட்பது என்று யோசித்தால் உங்கள் முகம்தான் வருகிறது. இந்த விஷயத்தில் என்னைக் கேள்வி கேட்க முழு உரிமை உள்ளவர் நீங்கள் ஒருவர்தான் என்பதால் இருக்கலாம். சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

உங்களுக்கு இது இருப்பதைக் கண்டுபிடித்த நாளும் இப்படித்தான் இருந்தது. தோள்பட்டை பிடித்துக்கொண்டது என்று வந்தீர்கள். உங்கள் மோட்டார் பம்ப் கடையில் ஆள் வரவில்லை, போர்வெல் மோட்டாரை நீங்களே தூக்கி வண்டியில் ஏற்றியிருந்தீர்கள். நான் நாடியைப் பிடித்தேன், பிறகு ஈ.சி.ஜி. எடுத்தேன். ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர் சொல்லி, ஒரு தாளில் இதயத்தை வரைந்து காட்டினேன். மேல் அறைகள் இரண்டும் ஒழுங்காகச் சுருங்கி விரியாமல் சும்மா நடுங்கிக்கொண்டே இருக்கும், அதனால் அங்கே ரத்தம் தேங்கும், தேங்கினால் உறைந்து கட்டியாகும், அந்தக் கட்டி கிளம்பி மூளைக்குப் போனால் பக்கவாதம் வரும். ஒவ்வொன்றாக, மெதுவாக, அம்புக்குறி போட்டுச் சொன்னேன். நீங்கள் தாளைத் திருப்பி உங்கள் பக்கம் வைத்துப் பார்த்தீர்கள்.

"இம்புட்டுத்தானா. மோட்டாரு ஓடுது, ஆனா தண்ணிய இழுக்கல. தண்ணி நின்னா பாசி புடிக்கும். பாசி பிச்சுக்கிட்டுப் போயி குழாய அடைக்கும். இதுக்கு எதுக்குடா ஒரு பக்கத்துக்கு அம்பு போட்டிருக்கே?"

என் படத்தை விட அது தெளிவாக இருந்தது. நான் ஒப்புக்கொண்டேன். பிறகு நீங்கள் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டீர்கள், "எங்க அண்ணனுக்கு வந்துச்சே, அதுவா?"

உங்கள் அண்ணனுக்கு வந்ததும் இதேதானா என்று அன்றைக்கும் எனக்குத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. அவருக்கு வலது கையும் பேச்சும் ஒரே காலையில் போயின. உங்கள் வீட்டின் பின்கட்டு அறையில் அவர் வருடக்கணக்கில் படுத்திருந்ததும், அக்காதான் அவருக்குக் கஞ்சி ஊட்டியதும் ஊருக்கே தெரியும். "இருக்கலாம் மச்சான்" என்றேன். "அப்ப அதுக்கு என்ன வழியோ அதச் சொல்லு" என்றீர்கள்.

மதுரைக்கு அனுப்பினேன். இதய மருத்துவர் பார்த்துவிட்டு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். பிளட் தின்னர் என்று நர்ஸ் சொன்னாராம். பெயின்ட்டில் ஊற்றுகிற தின்னரையா குடிக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டுவிட்டு வந்ததாகச் சொன்னீர்கள். மாத்திரையை வாங்கவில்லை. சீட்டைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தீர்கள். நம் குடும்பங்களில் அதுதான் வழக்கம். மதுரையில் எவ்வளவு பெரிய டாக்டர் எழுதியிருந்தாலும், நான் பார்த்து சரி என்று சொல்லாதவரை அந்தச் சீட்டு பையை விட்டு வெளியே வராது. இத்தனை பேருக்கு என் மேல் அத்தனை நம்பிக்கை என்று மற்றவர்கள் சொல்வார்கள். எனக்கு அது எப்போதும் பயமாகவே இருந்திருக்கிறது.

"மதுரைக்காரரு எழுதுனது இருக்கட்டும். நீ என்ன சொல்றே?"

"பெரிய டாக்டரே சொல்லியிருக்காரு மச்சான்."

"நீ டாக்டரா, தபால்காரனா?" என்றீர்கள். கம்பவுண்டர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் அப்போதும், "போடுங்க, நான் சொல்றேன்" என்று என் வாயால் சொல்லவில்லை. நீங்களாகவே போட ஆரம்பித்தீர்கள்.

முதலில் கொடுத்தது பழைய வகை மாத்திரை. அதற்கு அடிக்கடி ரத்தம் எடுத்துப் பார்த்து அளவைக் கூட்டிக் குறைக்க வேண்டும். கீரையைத் திடீரென்று அதிகமாகவும் சாப்பிடக் கூடாது, அடியோடு நிறுத்தவும் கூடாது. அளவாக, ஒரே மாதிரி சாப்பிடுங்கள் என்றேன். உங்கள் வீட்டுக் கொல்லையில் இருந்த முருங்கையை நினைத்து வருத்தப்பட்டீர்கள். "பொண்டாட்டி பேச்ச அளவாக் கேக்கலாம். முருங்கைக் கீரைய எப்படிடா அளவாத் திங்கிறது?" பிறகு புதிய வகை மாத்திரை வந்தது. ரத்தம் எடுக்க வேண்டாம், கீரைத் தொல்லை இல்லை. ஆனால் வேளை தவறாமல் போட வேண்டும், ஒரு நாள் விட்டாலும் பாதுகாப்பு போய்விடும் என்று சொன்னேன். தலையை ஆட்டினீர்கள்.

அந்தத் தை மாதம் நீங்கள் பழனிக்கு மாலை போட்டீர்கள்.

நடந்து வருபவர்களின் கால் கொப்புளங்களுக்கு மருந்து போட ஒவ்வொரு தைப்பூசத்துக்கும் நான் சிங்கம்புணரிக்குப் போவது உங்களுக்குத் தெரியும். அங்கே ஒரு தென்னந்தோப்பில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தீர்கள். பச்சை வேட்டி, நெற்றி முழுக்கத் திருநீறு, குதிகாலில் பெரிய கொப்புளம். நான் கொப்புளத்தை விட்டுவிட்டு நாடியைப் பிடித்தேன். வழக்கம்போல ஒழுங்கில்லாமல் ஓடியது.

"மாத்திரை எங்க மச்சான்?"

"வீட்ல."

"நீங்க இங்குட்டு இருக்கீக. மாத்திரை வீட்ல இருந்து என்ன செய்யும்?"

"அதையும் கூப்பிட்டேன். நடக்க மாட்டேன்னிருச்சு."

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். நான் என் பையில் அதே மாத்திரை அட்டை ஒன்று வைத்திருந்தேன். அதை எடுத்து நீட்டினேன். நீங்கள் வாங்கவில்லை.

"எங்க வீட்ல மாலை போட்டா மருந்து தொடுறதில்ல மாப்பிள்ளை. எங்க அப்பா அப்படித்தான் நடந்தாரு, அவுக அப்பாவும் அப்படித்தான். உடம்ப அவன்கிட்ட ஒப்படைச்சாச்சு. அப்பறமும் மாத்திரையப் பையில வச்சுக்கிட்டுப் போனா, அது கடைய வித்துட்டுச் சாவிய மடியில வச்சுக்கிற மாதிரி."

"முருகனே எங்கிட்டக் குடுத்து அனுப்புனான்னு வச்சுக்கங்க."

"அப்ப நீ அவனுக்கும் தபால்காரன் ஆயிட்ட."

கொப்புளத்துக்கு மருந்து போட்டுக் கட்டினேன். அதை மட்டும் மறுக்கவில்லை. அதுவும் மருந்துதானே என்று பிற்பாடு தோன்றியது. அப்போது தோன்றவில்லை. எனக்கு எல்லாம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தோன்றும். நீங்கள் எழுந்து கம்பை ஊன்றிக்கொண்டு நத்தம் போகிற சாலையில் ஏறினீர்கள். நீங்கள் பழனி போய்ச் சேரும்வரை, வீட்டில் போன் அடித்தால் நான் எடுக்கவில்லை. என் மனைவியை எடுக்கச் சொன்னேன்.

ஒன்றும் ஆகவில்லை. கறுத்துப்போய், இளைத்து, சிரித்த முகமாகத் திரும்பி வந்தீர்கள். பஞ்சாமிர்தம் கொடுத்துவிட்டு, எல்லாரும் இருக்கும்போது, "பாத்தியா, மோட்டாரு பாட்டுக்கு ஓடுது" என்றீர்கள். ஹெல்மெட் போடாமல் திருப்பத்தூர் போய்ப் பத்திரமாகத் திரும்பியதால் ஹெல்மெட் வேண்டாம் என்று ஆகிவிடாது என்று நான் சொன்னேன். "போயிட்டு வந்தாச்சுல்ல" என்றீர்கள். போய்விட்டு வந்துதான் இருந்தீர்கள். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அன்று ஒரு விஷயம் ருசுவாகிவிட்டது. அந்த மாத்திரை இல்லாமலும் இருக்கலாம்.

ஆனால் மாலையைக் கழற்றிய அன்றே நீங்கள் மறுபடி மாத்திரையை எடுத்துப் போட்டுக்கொண்டதாக அக்கா சொன்னாள். யாரும் சொல்லவில்லையாம், நீங்களாகவே. ஏன் என்று நான் உங்களைக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். அதன் பிறகு ஒரு வேளை கூட விடவில்லை. அப்படி விடாமல் போட்டுக்கொண்டிருந்த காலத்தில்தான் அது நடந்தது.

கடையில் மேல் தட்டிலிருந்து, பம்புக் குழாயின் அடியில் மாட்டும் ஃபுட் வால்வு ஒன்றை எடுக்க ஸ்டூலில் ஏறினீர்கள். ஸ்டூல் சரிந்து பின்பக்கமாக விழுந்தீர்கள். உங்கள் மகன் பாலு போன் செய்ததும் ஓடி வந்தேன். நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள். பின்னந்தலையில் கோலிக்குண்டு அளவு வீக்கம், ரத்தம் கூட வரவில்லை. "வால்வு உடையல" என்றீர்கள் என்னைப் பார்த்ததும். நான் அப்போதே ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றேன். அந்த மாத்திரை சாப்பிடுகிறவருக்குத் தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் காத்திருக்கக் கூடாது. டீயைக் குடித்துவிட்டு வருகிறேன் என்றீர்கள். குடித்துவிட்டே வந்தீர்கள். ஸ்கேனில் தலைக்குள் கசிவு தெரிந்தது. ஆம்புலன்ஸில் நானும் கூட வந்தேன். மேலூர் தாண்டும்போது உங்கள் பேச்சு குழற ஆரம்பித்தது. என்ன சொல்ல வந்தீர்கள் என்று குனிந்து கேட்டேன், புரியவில்லை.

மதுரையில் அந்த இளம் டாக்டர் பாலுவிடம் கேட்டார், "பிளட் தின்னர் எதுவும் சாப்பிடுறாரா?" பாலு ஆமாம் என்றான். அவர் தலையை ஆட்டி எழுதிக்கொண்டு உள்ளே போனார். அப்போது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றிருந்த நம் ஆட்கள் எல்லாரும் ஒரு தடவை என்னைப் பார்த்தார்கள். கோபமாக இல்லை. திட்டமிட்டும் இல்லை. பார்த்துவிட்டு உடனே வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அக்கா பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்தாள். மறுநாள் நீங்கள் போய்விட்டீர்கள்.

யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, மச்சான். அதற்குப் பிறகும் பேரப்பிள்ளைகளைக் காய்ச்சல் என்று என்னிடமே தூக்கி வந்தார்கள். சண்டை போட்டிருந்தால் நான் என் நியாயத்தைச் சொல்லியிருப்பேன். சண்டையே வராததால் அந்த நியாயம் சரிதானா என்று எனக்கே சந்தேகமாகிவிட்டது.

இப்போது அக்காவுக்கு வருகிறேன்.

ஈ.சி.ஜி. எடுத்தோம், மதுரைக்கும் போய்வந்தோம். சந்தேகமே இல்லை. அவளுக்கு எண்பது நெருங்குகிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, சர்க்கரை இருக்கிறது. இது ஒவ்வொன்றும் பக்கவாதம் வரும் வாய்ப்பைக் கூட்டும். மதுரையில் அந்த மாத்திரையைத்தான் எழுதிக் கொடுத்தார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது, ரத்தம் போதுமா, வயிற்றில் புண் உண்டா என்று நான் என் பங்குக்கு எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்தேன். கொடுக்கக் கூடாது என்பதற்கு ஒரு காரணமாவது கிடைக்காதா என்று தேடினேன் என்று சொன்னால் அது பொய்யாகாது. கிடைக்கவில்லை. விழுந்துவிடுவார்களோ என்ற பயம் ஒன்றுக்காக இந்த மாத்திரையை மறுக்க வேண்டியதில்லை என்றுதான் நான் படித்த புத்தகமும் சொல்கிறது.

புத்தகத்துக்குக் குழப்பம் இல்லை. குழப்பம் எனக்குத்தான். நான் கண்ணால் பார்த்ததை மட்டும் வைத்துக்கொண்டால், நீங்கள் மாத்திரை இல்லாமல் பழனி வரை நடந்தீர்கள், ஒன்றும் ஆகவில்லை. மாத்திரையோடு ஸ்டூலில் ஏறினீர்கள், போய்விட்டீர்கள். இந்த மாத்திரை தடுத்த பக்கவாதம் ஒன்றைக் கூட நான் என் ஆயுளில் பார்த்ததில்லை. பார்க்கவும் முடியாது. வராமல் போனதை எந்த டாக்டர் பார்த்தார்? நீங்கள் அதைப் போட்டுக்கொண்டிருந்த அத்தனை வருடங்களில் உங்கள் இதயத்துக்குள் எத்தனை கட்டிகள் உருவாகாமலே போயின என்று எனக்குத் தெரியாது. ஒன்று கூட இல்லாமலும் இருக்கலாம். பத்திரமாக இருந்த அந்த வருடங்கள் எல்லாம் சாதாரண வருடங்களாகத்தான் எல்லாருக்கும் தெரிந்தன. கெட்டது நடந்த ஒரு நாளுக்கு மட்டும் அந்த மாத்திரையின் பெயர் ஒட்டிக்கொண்டது.

பாலு ஒரு நாள் காலையில் வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றான்.

"மாமா, நான் உங்களக் குத்தம் சொல்ல வரல. அம்மாவுக்கு அது வேணாம். ஒரு தடவ பாத்தாச்சு."

"பக்கவாதம் வந்தா என்ன செய்வே?"

"வந்தா பாத்துக்குவோம் மாமா. அது கடவுள் விட்ட வழி. ஆஸ்பிரின் மாதிரி லேசா ஏதாச்சும் குடுங்களேன்."

ஆஸ்பிரின் இதற்குப் போதாது, பாதுகாப்பு குறைவு, கசிவு பயம் அதிலும் உண்டு என்று சொன்னேன். "என்னமோ செய்யுங்க. நீங்க சொன்னா அம்மா போடும். அதான் எனக்குப் பயமே" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவன் சொன்ன ஒரு வார்த்தை என்னை விடவில்லை. கடவுள் விட்ட வழி. நான் மாத்திரை கொடுக்காமல் அவளுக்கு வாதம் வந்தால் அது விதி. யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள். ஆறுதல் கூடச் சொல்வார்கள். நான் கொடுத்து ஏதாவது ஆனால் அது நான். இரண்டில் எது வர வாய்ப்பு அதிகம் என்று என் படிப்பு சொல்கிறது. ஆனால் நான் இத்தனை நாளும் எடை போட்டுக்கொண்டிருந்தது அக்காவுக்கு வரக்கூடிய இரண்டு ஆபத்துகளைத்தானா, அல்லது அந்த வராந்தாவை இன்னொரு தடவை தாங்க முடியுமா என்பதையா? எவ்வளவு யோசித்தும் என்னால் இரண்டையும் பிரிக்க முடியவில்லை. அக்காவோ சீட்டைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்துவிட்டு, நான் வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தாள். எந்த நாளிலும் கட்டி கிளம்பலாம் என்று தெரிந்த நான், நாளைக் கடத்திக்கொண்டிருந்தேன்.

கடைசியில் அவள்தான் ஆள் அனுப்பினாள். போனேன். சமையல்கட்டில் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். மனைப்பலகையை என் பக்கம் தள்ளினாள்.

"தம்பி, சுத்தி வளைக்காமச் சொல்லு. அதப் போட்டா என்ன வரும்?"

"எப்பவாச்சும் ரத்தக் கசிவு வரலாம். வயித்துல வரலாம். தலைக்குள்ள வந்தா ஆபத்து."

"போடாட்டி?"

"பக்கவாதம் வரலாம்."

"பின்கட்டுல பெரியவுக கிடந்தாகளே, அதானே?"

"அதான்."

கொஞ்ச நேரம் உரித்தாள். "அவுகளுக்கு நான்தான் கஞ்சி ஊட்டுவேன். வாயோரத்துல வழியுறதத் தொடச்சு விட்டா அவுக கண்ணுல தண்ணி நிக்கும். பேச்சுத்தான் போச்சு. வெக்கம் போகலேல்ல."

நானும் ஒரு வெங்காயத்தை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"உங்க மச்சான் டீயக் குடிச்சுட்டுப் போனாக. மாத்திரை போட்டா அவுக மாதிரி போவேன். போடாட்டி பெரியவுக மாதிரி கிடப்பேன். அப்படித்தானே? எனக்கு அவுக மாதிரியே போதும். குடு அத."

மச்சான், அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? எந்த மாத்திரை அவளுக்குச் சரி என்று என் படிப்பு சொன்னதோ, அதையே அவள் கேட்டாள். எந்தச் சாவுக்குப் பயந்து எல்லாரும் அதை வேண்டாம் என்றார்களோ, அந்தச் சாவுக்காகவே கேட்டாள். சரியான செயல், முழுக்கத் தப்பான காரணம். பேசாமல் அட்டையைப் பிரித்துக் கொடுத்திருந்தால் வேலை முடிந்திருக்கும். என்னைப் போன்ற பயந்தவனுக்கு அது பெரிய வசதி. முடிவு அவளுடையதாகப் போயிருக்கும்.

"அப்படி இல்லக்கா" என்றேன். "இது எப்படிப் போறதுங்கிறதுக்கான மாத்திரை இல்ல. போட்டா ரெண்டுமே வராமப் போகத்தான் வாய்ப்பு அதிகம். நீ நல்லா இருக்கணும், இன்னும் பல நாளைக்கு இருக்கணும். அதுக்குத்தான் இது."

அவள் வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னும் பல நாளைக்கா? இந்த முழங்கால வச்சுக்கிட்டா?"

"ஆமா."

"அப்ப நான் எதுலதான் போவேன்?"

"அது எனக்குத் தெரியாதுக்கா."

"இம்புட்டுப் படிச்சிட்டு" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வெங்காயம்தான் என்று நினைக்கிறேன். பிறகு கேட்டாள், "மதுரைக்காரரு சொன்னது தெரியும். பாலு சொல்றதும் தெரியும். நீ என்ன சொல்றே? நீ."

தண்ணீர் கேட்டால் நேரம் கிடைக்கும் என்று கூடத் தோன்றியது. கேட்கவில்லை.

"போடுக்கா. நான் சொல்றேன்."

சாமி படத்துக்குப் பின்னாலிருந்து சீட்டை எடுத்துக் கொடுத்து, அன்றே என்னையே வாங்கி வரச் சொன்னாள். பாலுவும் கடையை விட்டு வந்துவிட்டான். அவன் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். முழங்கால் வலிக்கு அவளாக மெடிக்கலில் வாங்கிப் போடும் மாத்திரையை இனிமேல் தொடக் கூடாது, இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியும். மலம் கறுப்பாகப் போனாலோ ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ சொல்ல வேண்டும். தலையில் எங்கே இடித்துக்கொண்டாலும், வலி இல்லாவிட்டாலும், டீ குடிக்கும் நேரம் கூடக் காத்திருக்கக் கூடாது. கடைசியாகச் சொன்னது வாயிலிருந்து வந்த பிறகுதான் எனக்கே கேட்டது. பாலு தரையைப் பார்த்தான். "அப்ப முழங்காலுக்கு?" என்றாள் அக்கா. தைலம் என்றேன். "தைலத்துக்கு நீ எதுக்கு?" என்று சொல்லிக்கொண்டே மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கினாள். அவள் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதன் பிறகு நடந்ததுதான் எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போக ஆசைப்பட்டவள், வீட்டுக்குள்ளும் ரப்பர் செருப்பு போட்டு நடக்கிறாள். குளியலறைச் சுவரில் பாலுவிடம் சொல்லிக் கைப்பிடி அடிக்க வைத்திருக்கிறாள். தரை ஈரமாக இருந்தால் மருமகளுக்கு ஏச்சு விழுகிறது. பரணில் இருந்து எதையும் எடுப்பதில்லை. இந்தப் பங்குனியில் முத்துமாரியம்மன் கோயிலுக்குக் கூடக் கூட்டம் குறைந்த பிறகுதான் போனாள். பால்குடத்தை வருஷம் தவறாமல் முன்னால் நின்று பார்க்கிறவள் அவள். கூட்டத்தில் யாராவது இடித்துத் தள்ளிவிடுவார்களாம்.

போன வாரம் போயிருந்தபோது, சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து எனக்குக் காபி கொண்டு வந்தாள். எனக்குக் கேட்கவும் தயக்கம், கேட்காமலும் இருக்க முடியவில்லை.

"ஏக்கா, அன்னைக்கு மச்சான் மாதிரிப் போகணும்னு சொன்னே. இப்ப இம்புட்டுப் பத்திரமா நடக்குறே?"

தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு, நிதானமாக உட்கார்ந்தாள்.

"குடுத்தது நீயில்ல? நான் விழுந்தா எல்லாரும் உன் மூஞ்சியத்தானே பாப்பாக. அன்னைக்கு மதுரையில பாத்தாகளே, அப்படி."

அவள் அன்று குனிந்து உட்கார்ந்திருந்தாள் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, மச்சான். உங்களைக் கொன்றது அந்த மாத்திரையா, ஸ்டூலா, அல்லது அத்தனை வருடம் உங்களை நடமாட வைத்ததே அதுதானா என்பதற்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை. உங்களிடமும் இருக்காது என்று இப்போது தோன்றுகிறது. நீங்கள் மாலையைக் கழற்றிய அன்று ஏன் அதை எடுத்துப் போட்டுக்கொண்டீர்கள் என்பதும் எனக்குத் தெரியப்போவதில்லை. அக்காவுக்கு நாளைக்கே ஏதாவது ஆகலாம். ஆகாமலே போனால் அது மாத்திரையாலா, ரப்பர் செருப்பாலா என்று அப்போதும் தெரியாது.

தினமும் காலையில் அவளிடமிருந்து போன் வருகிறது. இப்போது நானே எடுக்கிறேன். "போட்டுட்டேன் தம்பி" என்பாள். வேறு எதுவும் பேச மாட்டாள். "சரிக்கா" என்பேன். அவள் வைத்த பிறகும் கொஞ்ச நேரம் போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன்.